சூரிய இழையும் காசிமேட்டு விசைப்படகும்

சூரியனில் சுடர் வெடித்தது என்று செய்தி வந்தாலே, இரவு கைப்பேசியை அணைத்து வையுங்கள் என்ற வதந்தியும் வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடுகிறது. சென்னை டோல்கேட்டில் வீட்டுக்குள் இருப்பவருக்கு அந்தப் பயம் தேவையில்லை. காசிமேட்டிலிருந்து நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் விசைப்படகுகளுக்குத்தான் எச்சரிக்கை வேண்டும், அதுவும் சரியான எச்சரிக்கை. பத்து லட்சம் டிகிரி கொதிக்கும் சூரிய வளிமண்டலத்தில், சுமார் பத்தாயிரம் டிகிரியே உள்ள வாயு நீண்ட இழைகளாகக் காந்தப்புலத்தின் பிடியில் தொங்குகிறது. கொடைக்கானல் ஆய்வகம் 1912 முதல் இவற்றைப் படமெடுத்து வருகிறது. பிடி தளர்ந்து இழை மேலெழும்போது, அதன் கீழே காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணைகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலே சுடர். ஆனால் சுடரும், எழும் இழை வீசும் பிளாஸ்மா மேகமும் எப்போதும் சம அளவில் வருவதில்லை. 2014 அக்டோபரில் ஒரு மாபெரும் சூரியப் புள்ளிக் கூட்டம் மிக வலுவான எக்ஸ் வகைச் சுடர்களை அடுத்தடுத்து உமிழ்ந்தும், பெரிய பிளாஸ்மா மேகம் எதையும் வீசவில்லை. மாறாக, புள்ளியே இல்லாத இடத்து இழை மங்கலான சுடரோடு பெரிய மேகத்தை அனுப்பிவிடும். சுடரின் வகையை மட்டும் சொல்லும் செய்தி அதனால் பாதி எச்சரிக்கைதான். சுடரின் எக்ஸ்கதிர் எட்டு நிமிடத்தில் வந்துவிடும், தயாராக நேரமில்லை. மேகம் பூமிக்கு வந்து சூரியப் புயலைக் கிளப்பப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். படகுகளுக்குச் சொல்ல அவகாசம் உண்டு.

2024 மே மாதச் சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லே வானம்தான் சிவந்தது, நமக்கென்ன என்று கேட்கலாம். 1989இல் கனடாவின் கியூபெக் மாகாணம் இருண்டதுபோல் இங்கே மின்கட்டமைப்பு விழும் வாய்ப்பு குறைவு என்பதும் உண்மையே. ஆனால் சுடர், சூரியன் உச்சியில் நிற்கும் பகுதியில்தான் சிற்றலை ரேடியோவை அதிகம் முடக்கும். பூமியின் காந்த நடுக்கோடும் தமிழகத்தின் தென்கோடிக்கு அருகே செல்வதால், அந்தி சாய்ந்தபின் நமக்கு மேலே மின்னூட்டக் காற்றடுக்கான அயனமண்டலம் குலைந்து ஜிபிஎஸ் தடுமாறுவதுண்டு. சூரியப் புயல் சில இரவுகளில் இதை மோசமாக்கும், சில இரவுகளில் அடக்கியும் விடும். எண்ணூருக்கு வரும் கப்பல்களின் பாதையை இருட்டில் கடக்கும் படகுக்கு அந்தத் தடுமாற்றம் உயிர்ப் பிரச்சினை.

ஆகவே ஜிபிஎஸ்ஸோடு திசைகாட்டியும் விஎச்எஃப் ரேடியோ கருவியும் படகில் இருக்கட்டும்; விஎச்எஃப் அலை நேர்கோட்டில் செல்வதால் அயனமண்டலத்தை நம்பியிருப்பதில்லை. கடலோரக் காவல்படையின் 1554, கடலோரக் காவல் குழுமத்தின் 1093 ஆகிய எண்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். படகுகளுக்குச் சூரியப் புயல் எச்சரிக்கை கொடுக்கச் சொன்னால், கணிப்பு தவறலாமே என்பார்கள் அதிகாரிகள். கடற்புயல் கணிப்பும் தவறுகிறது. அதற்காகக் கூண்டு ஏற்றாமல் விடுவதில்லை. 2023 செப்டம்பர் 2இல் ஏவிய ஆதித்யா-எல்1 விண்கலம் நம் வரிப்பணத்தில்தான் சூரியனைக் கவனிக்கிறது. அந்தத் தகவல் மீனவருக்குப் போகிறதா, எந்த வழியில் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மீன்வளத் துறையிடம் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். மீனவர் சங்கங்கள் இதைச் சேர்ந்து கேட்க வேண்டும்.