அயர்லாந்து விருந்தும் ஒரு கிழங்கின் கதையும்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து உபசரிப்பது நமக்குப் பழகிய ஒன்று. வருகிற மார்ச் 17 அன்று இன்னொரு நாட்டின் விருந்தை வீட்டில் சமைத்துப் பார்த்தால் என்ன? அன்று அயர்லாந்து மக்களின் செயிண்ட் பேட்ரிக் திருநாள். அதிகச் செலவில்லை. கோதுமை மாவு, தயிர், சமையல் சோடா, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெங்காயத்தாள், பால், வெண்ணெய் போதும். பாசிர் பெனம்பாங்கில் இருந்தாலும் தோட்டப்புறத்தில் இருந்தாலும் பக்கத்துக் கடையில் இவை கிடைக்கும். ஆனால் இந்த எளிய சாப்பாட்டுக்குள் ஒரு வேதியியல் பாடமும், சுமார் 10 லட்சம் பேரின் உயிரோடு தொடர்புடைய ஓர் உயிரியல் பாடமும் இருக்கின்றன.

யார் இந்த பேட்ரிக்?

5-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் கிறிஸ்துவ சமயத்தைப் பரப்பியவர் பேட்ரிக். அவருடைய நினைவு நாளில் மக்கள் பச்சை உடை உடுத்துவார்கள். மூன்று இலை கொண்ட சிறு செடியைச் சட்டையில் செருகிக்கொள்வார்கள். சிறிய தீவு ஒன்றின் இந்தத் திருநாள் இன்று அமெரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை கொண்டாடப்படுகிறது. நாட்டை விட்டுப் போன அயர்லாந்துக்காரர்கள் அதைத் தங்களோடு எடுத்துச் சென்றதே காரணம். நம் முன்னோர் கப்பலேறித் தோட்டங்களுக்கு வந்தபோது பொங்கலையும் கொண்டுவரவில்லையா? அது போலத்தான். அவர்கள் ஏன் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்கள் என்பதற்கான விடை நம் விருந்தின் இரண்டாவது உணவில் இருக்கிறது. முதலில் ரொட்டியைச் சுடுவோம்.

தோசைக்கல்லில் சோடா ரொட்டி

250 கிராம் கோதுமை மாவில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளுங்கள். புளித்த தயிரைக் கடைந்து எடுத்த கெட்டி மோர் சுமார் 200 மில்லிலிட்டர் ஊற்றி, அதிகம் பிசையாமல் உருட்டுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாகத் தட்டி, நான்கு துண்டுகளாக வெட்டி, மிதமான சூட்டில் தோசைக்கல்லில் போடுங்கள். ஒவ்வொரு பக்கமும் 8 முதல் 10 நிமிடம் வேகட்டும். அடுப்பருகில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். அயர்லாந்தின் வடபகுதியிலும் இந்த ரொட்டியைத் தட்டையான கல்லில்தான் சுடுவார்கள்.

இட்லி மாவு உப்புவதற்கு ஓர் இரவு வேண்டும். நுண்ணுயிர்கள் மெல்ல மெல்ல வளியை உண்டாக்குவதே அதற்குக் காரணம். இங்கே நுண்ணுயிருக்கு வேலையில்லை. மோரில் உள்ள லாக்டிக் அமிலம், சோடாவாகிய சோடியம் பைகார்பனேட்டோடு சேர்ந்ததும் கரிவளி வெளிவரத் தொடங்கிவிடும். அந்தக் குமிழ்கள்தான் ரொட்டியை உப்ப வைக்கின்றன. மாவைப் பிசைந்ததும் தாமதிக்காமல் சுட வேண்டும் என்பது இதனால்தான். காத்திருந்தால் வளி போய்விடும்.

ஒரு சோதனை செய்யுங்கள். சிறிதளவு மாவை மோருக்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து சுடுங்கள். அது குறைவாகவே உப்பும். சவர்க்காரம் போன்ற ஒரு சுவையும் வரும். அமிலம் இல்லாததால் சோடா முழுமையாக வினைபுரியவில்லை என்பதை உங்கள் நாக்கே சொல்லிவிடும்.

கிண்ணத்தில் ஒரு வரலாறு

அடுத்தது கோல்கானன். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, வதக்கிய முட்டைக்கோஸ், வெங்காயத்தாள், சூடான பால், வெண்ணெய் சேர்த்துக் கிளறினால் தயார். கிழங்கின் தோல் பச்சையாக மாறியிருந்தால் வாங்காதீர்கள். வெளிச்சம் பட்ட கிழங்கில் பச்சையத்தோடு சோலனின் என்ற நச்சுப்பொருளும் கூடியிருக்கும். விருந்துக்குப் பச்சை நிறம் வேண்டுமென்றால் பாண்டான் இலைச் சாற்றில் பலகாரம் செய்துகொள்ளலாம்.

உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். அங்கே ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. ஐரோப்பாவுக்கு வந்தவை மிகச் சில. அயர்லாந்தின் ஏழை விவசாயிகள் பெரும்பாலும் நம்பியிருந்தது 'லம்பர்' என்ற ஒரே வகையை. சிறு நிலத்திலும் நிறைய விளைந்ததால், லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அதுவே மூன்று வேளை உணவானது.

இங்கே ஓர் உயிரியல் உண்மையைக் கவனியுங்கள். உருளைக்கிழங்கைப் பொதுவாக விதை தூவி வளர்ப்பதில்லை. முளைவிட்ட கிழங்கையே நடுவார்கள். நாம் மரவள்ளிக் குச்சியை ஒடித்து நடுகிறோமே, அதே முறைதான். இப்படி வளரும் செடி தாய்ச்செடியின் மரபணுக்களை அப்படியே கொண்டிருக்கும். ஆகவே அயர்லாந்தின் லம்பர் வயல்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே செடியின் நகல்களாக இருந்தன. ஒரு நோய் ஒன்றை வீழ்த்த முடிந்தால் எல்லாவற்றையும் வீழ்த்தும்.

1845-இல் அது நடந்தது. 'ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ்' என்ற நுண்ணுயிர் காற்றிலும் மழையிலும் பரவி, இலைகளைக் கருக்கி, மண்ணுக்குள் இருந்த கிழங்கையும் அழுக வைத்தது. பார்ப்பதற்குப் பூஞ்சை போல இருந்தாலும் இது உண்மையான பூஞ்சை அல்ல. நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய வேறொரு இனம். அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தனர். இன்னும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். 1841-இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த தீவின் மக்கள்தொகை இன்றுவரை அந்த அளவை மீண்டும் எட்டவில்லை.

பழி முழுவதையும் நுண்ணுயிர் மீது போட முடியாது. அதே ஆண்டுகளில் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடைகளும் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. நிலமோ பணமோ இல்லாதவர்களுக்கு அவை எட்டவில்லை. நோய் பயிரை அழித்தது; அந்த அழிவைப் பஞ்சமாக்கியதில் மனிதர்களின் முடிவுகளுக்கும் பங்கு உண்டு.

நம் மாவட்டத்தின் மரம்

இது எங்கோ நடந்த பழங்கதை என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வெளியே வரிசை வரிசையாக நிற்கும் செம்பனையைப் பாருங்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே அதை நட்டார். பெயரில் தென்னை, வளர்ந்ததோ செம்பனை!

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கே நான்கு கன்றுகள் நடப்பட்டன. தென்கிழக்காசியத் தோட்டங்களின் தாய்வழி மரங்கள் பெரும்பாலும் அந்த நான்கின் வழித்தோன்றல்கள். செம்பனை விதையிலிருந்து வளர்வதால் லம்பர் கிழங்கைப் போல முழு நகல் அல்ல. ஆனாலும் அதன் பரம்பரை மிகக் குறுகியது. மரத்தின் அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மா பூஞ்சை இப்போதே தோட்டங்களுக்குப் பெரும் இழப்பை உண்டாக்கி வருகிறது.

இதை அறிந்த நம் விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. 1973-இல் மலேசிய ஆராய்ச்சியாளர்கள் நைஜீரியாவில் இயற்கையாக வளர்ந்த செம்பனைகளின் விதைகளைச் சேகரித்தனர். அந்தப் பணியில் முக்கியப் பங்காற்றியவர்களில் ஒருவர் டாக்டர் ராஜநாயுடு. பின்னர் ஆப்பிரிக்காவின் வேறு நாடுகளிலும் சேகரிப்பு தொடர்ந்தது. அவற்றிலிருந்து வளர்ந்த மரங்கள் ஜொகூர், குளுவாங்கில் காக்கப்படுகின்றன. உருளைக்கிழங்குக்கும் அப்படியொரு களஞ்சியம் பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் உள்ளது. நாளை ஒரு புதிய நோய் வந்தால், அதைத் தாங்கும் மரபணுவை அங்கேதான் தேட வேண்டியிருக்கும்.

விருந்தன்று செய்யுங்கள்

மேசையில் கோல்கானனை ஒரே கிழங்கில் செய்யாமல், உருளை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி என மூன்று கிண்ணங்களாகச் செய்து வையுங்கள். மரவள்ளியைத் தோல் நீக்கி நன்றாக வேகவைக்க வேண்டும். சுவை, நிறம், ஒட்டும் தன்மை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தாத்தா பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காதபோது, அவர்களின் பெற்றோர் எதைச் சாப்பிட்டு உயிர் பிழைத்தார்கள்? பல வீடுகளில் 'மரவள்ளிக்கிழங்கு' என்ற பதில் வரும். ஒரு பயிர் கைவிட்டபோது இன்னொரு பயிர் கைகொடுத்த கதை அது. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; அயர்லாந்துக்குக் கிடைக்காமல் போனது அந்த இரண்டாவது கிழங்குதான்.