டர்போ ரோட்டரி இன்ஜினுக்கு எந்த பெட்ரோல்? ‘93’ என்ற எண்ணை நம்பலாமா?

2001-ல் வந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ முதல் படத்தில் வின் டீசல் ஓட்டும் சிவப்பு கார் ஞாபகம் இருக்கா? அது மாஸ்டா ஆர்எக்ஸ்-7. அதன் பானெட்டுக்குள் பிஸ்டனே கிடையாது. நிலக்கடலை மாதிரி நடுவில் ஒடுங்கிய அறைகளுக்குள் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுற்றுகின்றன. மொத்தம் 1,308 சிசி. இரட்டை டர்போவோடு, கம்பெனியிலிருந்து வரும்போதே 250 குதிரைத்திறனைத் தாண்டிவிடும்.

இந்த காரை வாங்குபவர்கள் அதோடு சும்மா இருப்பதில்லை. பெரிய டர்போ, பெரிய இன்டர்கூலர், புது இசியூ என்று மாற்றிக்கொண்டே போவார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி வரும்: எத்தனை ஆக்டேன் போடணும்?

ஆக்டேன் என்றால் பவர் இல்லை

ஆக்டேன் கூடினால் வண்டி பறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆக்டேன் என்பது பெட்ரோலின் பொறுமையை அளக்கும் எண். அழுத்தமும் சூடும் ஏறும்போது, ஸ்பார்க் பிளக்கின் தீ வந்து சேரும் முன்பே தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் கணக்கு. தாங்காமல் வெடித்தால் அது நாக்கிங்.

டர்போ இல்லாத ரோட்டரிக்கு இது பெரிய பிரச்னை இல்லை. சூடேறிக் கிடக்கும் எக்ஸாஸ்ட் வால்வு அதில் கிடையாது. எரியும் அறையும் நீளமாக, மெல்லியதாக இருப்பதால் நிறைய சூடு சுவர் வழியே போய்விடும். 1980களின் டர்போ இல்லாத ஆர்எக்ஸ்-7 அமெரிக்காவில் சாதா பெட்ரோலிலேயே ஓடியது. ‘ரோட்டரிக்கு எதைப் போட்டாலும் ஓடும்’ என்ற பேச்சு இதிலிருந்து வந்திருக்கலாம். டர்போ வைத்த வண்டியில் அதை நம்பினால் செலவு பெரிசு.

காரணம், அபெக்ஸ் சீல். ரோட்டரின் மூன்று முனையிலும் ஒன்று, 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டை. பிஸ்டன் இன்ஜினில் லேசான நாக்கிங் என்றால் பெரும்பாலும் சத்தம் கேட்கும், காலை எடுத்துவிடலாம். டர்போ ரோட்டரியில் முழு பூஸ்டில் பலமாக ஒரு தடவை நாக் அடித்தாலே சீல் உடையலாம். உடைந்த துண்டு அறையின் சுவரைக் கீறிவிட்டு, எக்ஸாஸ்ட் வழியே போய் டர்போவின் சக்கரத்தையும் அடிக்கும். அப்புறம் இன்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டியதுதான்.

ஒரே எண், இரண்டு அளவுகோல்

பலர் சறுக்கும் இடம் இது. இந்தியா, ஜப்பான், ஐரோப்பா, வளைகுடா நாடுகளில் பங்க்கில் எழுதியிருப்பது ‘ஆர்ஓஎன்’ எண். அமெரிக்காவில் அதையும் ‘எம்ஓஎன்’ எண்ணையும் கூட்டி, பாதியாக்கி எழுதுவார்கள். அதனால் அங்கே எண் சிறிசாகத் தெரியும். அமெரிக்க 93, நம்ம கணக்கில் சுமார் 98. நம்ம 95, அங்கே சுமார் 91 மட்டுமே.

‘93-க்கு டியூன் செய்தது’ என்ற அமெரிக்க செட்டிங்கை இறக்கி, நம்ம ஊரில் 95 போட்டால் இரண்டு கூடுதல் என்று தோன்றும். உண்மையில் இரண்டு குறைவு! அமெரிக்காவுக்குள்ளேயே இந்தச் சிக்கல் உண்டு. கலிபோர்னியா பங்க்குகளில் பொதுவாக 91-தான் உச்சம், கிழக்கு மாநிலங்களில் 93 கிடைக்கும். ஜப்பானில் 100 என்று விற்கும் ‘ஹைஆக்’ பெட்ரோலுக்கு ஏற்ப டியூன் செய்த வண்டி இன்னொரு நாட்டுக்குப் போனால் செட்டிங்கைத் திரும்பப் பார்த்தே ஆகணும். துபாயில் 98 சுலபமாகக் கிடைக்கும். இந்தியாவில் 100 ஆக்டேன் சில நகரங்களில், சில பங்க்குகளில் மட்டும்.

எத்தனால் கலந்தால் இன்னொரு கணக்கும் சேரும். எத்தனால் ஆக்டேனை ஏற்றும், நல்லதுதான். ஆனால் சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், 20% எத்தனால் கலந்ததற்கு சுமார் 13.5 பங்குதான். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாகப் பாய வேண்டும். சாதாரண ஓட்டத்தில் சென்சார் இதைச் சரிக்கட்டும். முழு பூஸ்டில் பல டியூனிங் இசியூக்கள் எழுதிவைத்த அட்டவணைப்படியே ஓடும். கலவை வறண்டு, சூடு ஏறும். ஆக்டேன் எண் கூடியும் இன்ஜின் போகலாம்.

அப்போ எதைத்தான் போடுவது? எண்ணை முதலில் முடிவு செய்து பங்க்கைத் தேடாதீர்கள். நீங்கள் ஓட்டும் வழியில் கிடைக்கும் மிக மோசமான பெட்ரோல் எது என்று பார்த்து, அதற்கு ஏற்ப பூஸ்டையும் இக்னிஷன் டைமிங்கையும் வைக்கச் சொல்லுங்கள். 98 நிச்சயமாகக் கிடைக்கும் ஊர் என்றால் தனியாக இன்னொரு மேப். வழியில் 95 மட்டும் கிடைத்தால் போடலாம், ஆனால் குறைந்த பூஸ்டில்தான் வீடு வரணும்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்? ‘10 பாயின்ட் கூடும்’ என்று போட்டிருந்தால் பொதுவாக அது ஒரே ஒரு ஆக்டேன். 95 போட்டால் 96 ஆகும், 105 இல்லை. சீலுக்கு நல்லது என்று பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலையும் கணக்கில் வையுங்கள். ஆயில் ஆக்டேனைக் கொஞ்சம் இறக்கும். டியூன் செய்யும் நாளிலேயே அந்த ஆயிலைக் கலந்து கொண்டுபோங்கள்.