ரோமப் பேரரசின் இந்திய வணிகப் பற்றாக்குறை

கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளில் ரோமப் பேரரசு இந்தியாவிடம் விற்றதைவிட அதிகமாக வாங்கியது. அந்த இடைவெளியைப் பொன், வெள்ளி நாணயங்கள் நிரப்பின. பணக்கார நாடு ஒன்று இப்படி எவ்வளவு காலம் வாங்கிக்கொண்டே இருக்கலாம் என்ற கேள்விக்கு இது பழைய சான்று.

மிளகு, முத்து, மெல்லிய துணி, கொங்கு நாட்டுப் படியூர்ப் பச்சைக்கல் முதலியவை இங்கிருந்து சென்றன. பதிலுக்குத் திராட்சை மது, பவளம், கண்ணாடி ஆகியவை வந்தாலும் அவை போதவில்லை. யவனர் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு (149) கூறுகிறது. கோவை அருகே வெள்ளலூரில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை.

இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுவதாக மூத்த பிளினி வருந்தினார். டைபீரியஸும் கி.பி. 22-இல் செனட்டுக்கு எழுதிய கடிதத்தில், மகளிரின் அணிமணிக் கற்களுக்காகப் பணம் அயலாரிடம் போவதைக் குறைகூறினார். ஆனாலும் வணிகம் நிற்கவில்லை. ஏன்?

வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரஸ் ஆவணம் விடையின் ஒரு பகுதியைத் தருகிறது. அதன்படி ‘ஹெர்மாபோலன்’ என்ற ஒரே கப்பலின் சரக்கு மதிப்பு எகிப்தில் சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ். அரசு எடுத்த சுங்கமோ 25 விழுக்காடு! இத்தகைய பெருங்கப்பல்கள் முப்பது வந்தால், பிளினி சொன்ன 5 கோடியும் அரசின் கருவூலத்துக்கு வரியாகவே வந்துவிடும். குறை சொன்ன பேரரசுக்கே அதை நிறுத்த மனம் வராதது இயல்புதான்.

ஆனால் இது ரோமக் குடிகளின் பணம் ரோம அரசிடம் சேர்வதே. வெளியே போன உலோகத்தை வரி திருப்பித் தராது. அந்த இழப்பை ஈடுசெய்தவை ஸ்பெயின் சுரங்கங்களும், கி.பி. 106-இல் வென்ற டேசியாவின் பொன்னும். டேசியா கி.பி. 270-களில் கைவிடப்பட்டது. கி.பி. 64-இல் நீரோ குறைக்கத் தொடங்கிய நாணயத்தின் வெள்ளி அளவு, அதற்குள் சில விழுக்காடாகத் தேய்ந்திருந்தது. இதற்கு மிளகைக் குற்றஞ்சாட்டுவது தவறு. போரும் படைச் சம்பளமுமே முதன்மைக் காரணங்கள்.

இன்றைய ஒப்பீடு அமெரிக்கா. 1976 முதல் ஆண்டுதோறும் அங்கு வணிகப் பற்றாக்குறைதான். அதற்குச் சுரங்கம் தேவையில்லை. டாலரைப் பெறும் நாடுகள் அதிலேயே அமெரிக்க அரசின் கடன்பத்திரங்களை வாங்கி வைக்கின்றன. சேர மன்னர் எவரும் ரோமுக்கு இப்படிக் கடன் கொடுக்கவில்லை.