அடுப்பில்லா விருந்துத் தட்டு

இத்தாலி நாட்டார் கிறிஸ்துமஸ் விருந்துக்கு முன், சமைக்காமலே அமைத்த தட்டொன்றை விருந்தினர்க்கு அளிப்பர். மெல்லியதாய் அரிந்த பன்றித்தொடை இறைச்சி, பாலாடைக்கட்டி, ஒலிவக் காய், ரொட்டி ஆகியன அதில் இடம்பெறும். 'அந்திப்பாஸ்தோ' எனும் அதன் பெயர்க்கு 'உணவுக்கு முன்' என்பது பொருள்.

சமைக்காத இறைச்சி கெடாதோ? உப்பு அதன் நீரை ஈர்த்துவிடும். பின்னர்ப் பல மாதம் காற்றில் உலர்த்துவர். நீர் குறைந்தால் கிருமி பெருகுவது அரிது. நம் கருவாட்டின் தத்துவமும் இதுவே.

திறந்த இல்ல உபசரிப்பில் நாமும் இத்தகைய தட்டை அமைக்கலாம். முஸ்லிம் அன்பர்க்குப் பன்றியிறைச்சி ஆகாது. இந்துக்கள் பலர் மாட்டிறைச்சி உண்ணார். ஆதலால், கடையில் ஆயத்தமாய்க் கிடைக்கும் ஹலால் கோழியிறைச்சித் துண்டுகளே ஏற்றவை. மரக்கறி உண்போர்க்குப் பழங்களைத் தனித்தட்டில் வைத்தல் நன்று.

அரிந்தவற்றைக் குளிர்பெட்டியில் வைத்து, விருந்தினர் வந்தபின் எடுத்தல் வேண்டும். வெளியே 2 மணி நேரத்திற்கு மேல் வைத்தலாகாது. வெப்பம் 32 பாகை செல்சியசைத் தாண்டினால் 1 மணி நேரமே. அனைவரும் அச்சமின்றி உண்பதே விருந்தின் சிறப்பு.