மாத்திரைக்குப் பின்னால் ஒரு ரகசிய நம்பர்!

அந்த உறையைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றுமே தோன்றாது. சாதா அட்டை. அதற்குள் காசநோய் மாத்திரைப் பட்டையை வைத்து ஒட்டியிருப்பார்கள். இப்போது ஒரு மாத்திரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். டப்! அட்டையைக் கிழித்துக்கொண்டு மாத்திரை வெளியே விழும். கிழிந்த இடத்தில் ஒரு ஃபோன் நம்பர் எட்டிப் பார்க்கும்!

அதற்கு ஒரு கால் போட்டால் வேலை முடிந்தது. ரீசார்ஜ் தீர்ந்திருந்தாலும் பரவாயில்லை, டோல் ஃப்ரீ. எந்த மாத்திரைக்குப் பின்னால் எந்த நம்பர் என்று முன்கூட்டியே ஊகிக்க முடியாது. அதனால், சரியான நம்பருக்கு கால் வந்தால் இன்றைய மாத்திரை வெளியே வந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். ஸ்மார்ட்ஃபோன் வேண்டாம், டேட்டா வேண்டாம், ஆப் வேண்டவே வேண்டாம். பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் பில் தீஸும் கூட்டாளிகளும் உருவாக்கிய இதன் பெயர் 99டாட்ஸ். மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திய நாடு இது. இங்கே பிறக்காமல் வேறெங்கே பிறக்கும்!

இதற்கு முன்னால் என்ன நடந்தது தெரியுமா? சுகாதாரப் பணியாளர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கிக் காட்ட வேண்டும். குறைந்தது ஆறு மாதம். தினக்கூலிக்குப் போகிறவர் அதற்காக அரை நாள் கூலியை விடுவாரா, மாத்திரையை விடுவாரா?

சரி, ஒரு குறும்புக் கேள்வி. மாத்திரை வெளியே வந்தது நிஜம், வாய்க்குள் போனதா?

இதைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டது நம்ம சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சென்னை, வேலூர், மும்பையில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக் கதவைத் தட்டி, சிறுநீர் மாதிரி வாங்கிச் சோதித்தார்கள். (இந்தத் திடீர் விசிட் அவர்களுக்குப் புதிதல்ல. 1956-ல் இதே நிறுவனம் தொடங்கியபோது, சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே டி.பி.யைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்த ஆய்விலும் வீடு தேடிப் போய்ச் சிறுநீர் வாங்கினார்கள்.) முடிவு செம சுவாரசியம்! கால் வராத நாளிலும் பலர் ஒழுங்காக மாத்திரை போட்டிருந்தார்கள். கால் வந்தும் மாத்திரை போடாதவர்களும் இருந்தார்கள். மெஷினோ முதல் கூட்டத்தைச் 'சோம்பேறி' என்று குறித்து வைத்திருந்தது, பாவம்.

வீட்டுக்கு ஒரே ஃபோன், அதுவும் கணவரோடு வேலைக்குப் போய்விட்டால் யார் கால் போடுவது? மாத்திரை உறையை மாமியார் பார்த்துவிட்டால்? இந்தச் சங்கடமெல்லாம் ஆய்வகத்து மேஜையில் தெரியாது. நோயாளியைக் கேட்டால்தான் தெரியும்.

உகாண்டாவில் கேட்டார்கள்! எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அங்கே 99டாட்ஸைக் கொண்டுபோன ஆராய்ச்சியாளர்கள் அதை அப்படியே இறக்கிவிடவில்லை. நோயாளிகளையும் சுகாதாரப் பணியாளர்களையும் கூட்டி, மாதிரி உறைகளைக் கையில் கொடுத்து, எது புரிகிறது, எது குழப்புகிறது என்று சொல்லச் சொல்லி, திருத்தித் திருத்தித் திரும்பக் காட்டினார்கள். உறையின் தோற்றம் மாறியது. அதைவிடப் பெரிய விஷயம், ஃபோனுக்குக் குரல் முளைத்தது! நம்பரை அழுத்தினால் உள்ளூர் சுகாதாரப் பணியாளர்களே பேசிப் பதிவு செய்த வார்த்தைகள் காதில் விழும். சிலசமயம் ஒரு தகவல், சிலசமயம் 'விட்டுவிடாதீர்கள்' என்கிற ரக ஊக்கம். ஒரே பல்லவியைத் தினமும் கேட்டு அலுக்காதபடி மாற்றி மாற்றிப் போட்டார்கள். கண்காணிக்கிற கருவியாக இருந்தது, விசாரிக்கிற ஆளாக மாறிவிட்டது. இதற்கு எத்தனை கோடி செலவு செய்தால் ஒரு ஆப் ஈடாகும், சொல்லுங்கள்!

பிறகு 18 மையங்களில் பரிசோதித்தார்கள். இத்தனை செல்லம் கொடுத்துச் செதுக்கியும் சேர்ந்தவர்கள் சுமார் பாதிப் பேர்தான். ஃபோனே கைக்கு எட்டாதவருக்கு எந்த நம்பர் எட்டிப் பார்த்து என்ன? அவர்களை உட்காரவைத்துக் கேட்கிற கூட்டம் இன்னும் பாக்கி.