அரிப்புள்ள தோலுக்கு மார்கழியில் ஏற்ற ஆடை

மழை ஓய்ந்து மார்கழி பிறந்துவிட்டால் பனவடலிசத்திரம் வட்டாரத்தில் விடியற்காலைப் பனி இறங்கத் தொடங்கும். சுபுஹு தொழுகைக்குக் கிளம்புகிறவர்கள் ஸ்வெட்டரையும் மப்ளரையும் தேடுவார்கள். எக்ஸிமா எனப்படும் கரப்பான், சொரியாசிஸ் போன்ற தோல் நோய் உள்ளவர்களுக்கோ இந்த மாதங்கள் பெரும் சோதனை. போர்த்தினால் அரிக்கிறது, போர்த்தாவிட்டால் தோல் வறண்டு வெடிக்கிறது. நாலு பேர் பார்ப்பார்களே என்று கல்யாண வீட்டுக்குக்கூட வராமல் ஒதுங்கிவிடும் பெண்பிள்ளைகள் நம்மிடையே உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். கரப்பானும் சொரியாசிஸும் தொற்றுநோய்கள் அல்ல. கைகொடுத்து ஸலாம் சொல்வதாலோ, ஒரே ஸஹனில் சாப்பிடுவதாலோ, ஒரே ஸஃப்பில் நின்று தொழுவதாலோ அவை பரவுவதில்லை.

மார்க்கம் தந்த சலுகை

ஆண்கள் பட்டு அணிவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. ஆனால் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இரு நபித்தோழர்களுக்கும் உடலில் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டுச் சட்டை அணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. தோலில் அரிப்பு என்பது அற்பமான விஷயமல்ல, ஆடை விஷயத்தில் கவனிக்கப்பட வேண்டிய தேவை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்கிறோம். இன்று மென்மையான பருத்தி தாராளமாகக் கிடைப்பதால் ஆண்கள் பட்டைத் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

உள்ளே பருத்தி, வெளியே கம்பளி

கம்பளி நூலின் முரட்டு இழைகள் தோலில் உரசி அரிப்பைக் கிளப்பும். பாலியஸ்டர் வியர்வையை வெளியேற விடாது. எனவே உடம்பை ஒட்டி எப்போதும் முழுக்கை பருத்தி உடை இருக்கட்டும். ஸ்வெட்டரோ பாலியஸ்டர் புர்காவோ அதற்கு மேல் வரட்டும். தடித்த ஒரே உடையைவிட மெல்லிய இரண்டு உடைகள் நல்லது. வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

சங்கரன்கோவில் விசைத்தறிப் பருத்திச் சேலைகளை நாம் எல்லோரும் அறிவோம். பலமுறை துவைத்து மெதுமெதுப்பான பழைய சேலை ஒன்றை வெட்டி, புர்காவின் கழுத்துக்கும் கைக்கும் உள்துணியாகத் தையல்காரரிடம் தைத்துக்கொள்ளலாம். செலவும் குறைவு.

புதுத்துணியை ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகே உடுத்த வேண்டும். சோப்புத்தூள் துணியில் தங்காதபடி நன்றாக அலச வேண்டும். இறுக்கமான எலாஸ்டிக் வேண்டாம். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோல் உரசிப் புண்ணாகும் இடத்தில் புதிய திட்டு தோன்றக்கூடும்.

அழகையும் விட வேண்டியதில்லை

தலையில் செதில் உதிர்கிறவர்களுக்குக் கறுப்பு ஹிஜாபில் அது பளிச்சென்று தெரியும். சாம்பல், சந்தனம், வெளிர்நீல நிறங்களில் தெரியாது. உள்ளே பருத்தித் தொப்பி அணிந்தால் ஹிஜாபும் வழுக்காது. நிக்கல் கலந்த ஊசி சிலருக்கு ஒவ்வாமை தரும். அவர்கள் ஊசி குத்தாமல் சுற்றிச் செருகும் முறையைப் பழகலாம். அத்தரைத் தோலில் தடவாமல் மேலாடையில் தடவுங்கள். விசேஷத்துக்கு ஜரிகை வேலைப்பாடு வேண்டுமென்றால், ஜரிகை உடம்பில் படாதபடி உள்துணி வைத்துத் தைத்தால் போதும்.

ஒளூவுக்குப் பின்

அடிக்கடி ஒளூ செய்யும்போது, தேய்க்காமல் பருத்தித் துண்டால் ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் வாசலின் போன்ற களிம்பைத் தடவிக்கொள்வது நல்லது. மிகவும் கொதிக்கும் வெந்நீரில் குளிப்பது தோலின் எண்ணெய்ப்பசையை எடுத்துவிடும். வெதுவெதுப்பான நீரே போதும். வெடிப்பில் நீர் வடிந்தாலோ, அரிப்பால் தூக்கம் கெட்டாலோ தோல் மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்க வேண்டாம். கடையில் தாமாக வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்புகள் தோலை மெலியச் செய்துவிடும். மருத்துவம் செய்துகொள்ளும்படி நம்மை ஏவியவர்கள் நபி (ஸல்) அவர்கள்.

குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் இருந்தால், "ஏன் சொறிகிறாய்?" என்று அதட்டுவதை விட்டுவிட்டு, அவருக்கென்று நல்ல பருத்தி உடை இரண்டு எடுத்துக் கொடுப்போம். அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆஃபியத்தைத் தருவானாக! ஆமீன்.