ஒரு பந்து, ஐந்து ரன்!

கிரிக்கெட் சமாசாரம் என்றதும் அடுத்த பக்கத்துத் தொடர்கதைக்குத் தாவிவிடாதீர்கள்! அடுப்பில் ரசம் நுரை கட்டுகிற நேரத்தில் கூடத்திலிருந்து திடீரென்று ஒரு கூச்சல் எழும். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று கரண்டியும் கையுமாக ஓடிவருவீர்கள். வந்து பார்த்தால் வீட்டுப் பிள்ளைகள் டெலிவிஷன் முன்னால் குதித்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட கூச்சல் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்கதை உண்டு. முன்கதைச் சுருக்கம் இல்லாமல் தொடர்கதை ரசிக்குமா?

2019 டிசம்பர் 1-ந் தேதி, சூரத் நகரம். ராஜ்யங்களுக்கு இடையே நடக்கும் 20 ஓவர் பந்தயத்தின் இறுதி ஆட்டம். தமிழ்நாடும் கர்நாடகமும் மோதின. கர்நாடகம் எடுத்தது 180. கடைசி ஓவரில் நமக்கு 13 ரன் வேண்டும். அஷ்வின் முதல் இரண்டு பந்துகளையும் பவுண்டரிக்கு விரட்டினார். மிச்சம் நான்கு பந்து, ஐந்தே ரன். நம்மில் பலர் பாயசத்துக்கு ஏலக்காய் தட்டத் தொடங்கியிருப்போம். அந்த ஐந்து ரன் வரவில்லை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த விஜய் சங்கர் ரன் அவுட் ஆனார். ஒரே ஒரு ரன்னில் தோல்வி!

ஆழ்வார்திருநகரியில் எங்கள் ஆதிநாதர் கோயிலில் ஒரு புளியமரம் இருக்கிறது. ராத்திரியிலும் இலை மூடாதாம். அதனால் உறங்காப் புளி என்று பெயர். அன்று ராத்திரி ஊரில் அந்தப் புளியமரத்தோடு சேர்ந்து இன்னும் நாலைந்து பேர் உறங்கவில்லை. அதில் நானும் ஒருத்தி.

ஒரு ரன்னுக்கா இவ்வளவு துக்கம் என்று கேட்பீர்கள். ஒரு ரன் மட்டுமல்ல; பல வருஷத்து வயிற்றெரிச்சல். ரஞ்சிக் கோப்பையை நாம் 1955-ல் ஒரு தடவை ஜயித்தோம். அடுத்த தடவை 1988-ல். அதற்கப்புறம் எத்தனையோ இறுதி ஆட்டங்கள். வாசல் வரை போவது, வெறுங்கையோடு திரும்புவது. 2015-ல் பம்பாய் இறுதி ஆட்டத்தில் இதே கர்நாடகத்தின் கருண் நாயர் ஒருவரே 328 ரன் குவித்து நம்மை நசுக்கினார். 2019-லேயே சூரத்துக்கு முன்னால் அக்டோபரில், 50 ஓவர் இறுதி ஆட்டத்திலும் கர்நாடகமே ஜயித்தது. காவேரித் தண்ணீரையாவது டிரிபியூனலில் கேட்க முடிந்தது. கோப்பையை எங்கே போய்க் கேட்பது?

இனி கதைக்கு வருவோம். 2021 நவம்பர் 22, கார்த்திகை மாதத்து முதல் சோமவாரம். டில்லி மைதானத்தில் மறுபடியும் அதே கோப்பை, அதே எதிராளி. சூரத்தில் ரன் அவுட் ஆன விஜய் சங்கர்தான் இப்போது நம் காப்டன்!

சாய் கிஷோர் என்ற உயரமான இடது கைச் சுழற்பந்துக்காரர் நான்கு ஓவரில் 12 ரன் மட்டும் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். அப்படியும் கர்நாடகம் 151 சேர்த்துவிட்டது. நம் ஆட்டம் ஜோராக ஆரம்பித்துப் பிறகு தள்ளாடியது. ஜகதீசன் 41 எடுக்க 46 பந்து. விஜய் சங்கர் 18 எடுக்க 22 பந்து. இந்த ஆட்டத்தில் பந்து என்பது ரேஷன் சர்க்கரை; வீணாக்கினால் திரும்ப வராது. அந்த இருவரும் அடுத்தடுத்து அவுட் ஆனபோது இன்னும் ஐம்பத்துச் சொச்சம் ரன் பாக்கி, ஓவரோ ஐந்துகூட முழுசாக இல்லை.

அப்போது உள்ளே வந்தார் ஷாருக்கான். சினிமாக்காரர் அல்ல, சினிமாக்காரரின் பெயரை வைத்துக்கொண்ட சென்னைப் பையன், 26 வயசு. நல்ல ஆஜானுபாகு. கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும். முதல் பந்தைச் சாய் கிஷோர் பவுண்டரிக்கு அனுப்பினார். அப்புறம் சில்லறை சில்லறையாகச் சேர்ந்தது. கடைசியில் நின்றது இதுதான்: பந்து ஒன்று, ரன் ஐந்து. நாலு அடித்தால் சமன். ஜயிக்க வேண்டுமானால் சிக்ஸர் ஒன்றுதான் கதி.

அது கொரோனாக் காலம். ஆபீஸ் வேலையை ஊரிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அரைநாள் என்ன வேலை பார்த்தேன் என்று ஆசிரியர் கேட்காமல் இருக்கவேண்டும்! பக்கத்தில் ஆச்சி. கிரிக்கெட் தெரியாது, ஆனால் பேத்தியின் முகம் தெரியும்.

"ஏட்டி, இன்னும் எத்தனை பந்து கெடக்கு?"

"ஒண்ணே ஒண்ணு ஆச்சி."

"எத்தனை வேணும்?"

"அஞ்சு. ஆனா ஆறு அடிச்சாத்தான் உண்டு."

"அஞ்சுக்கே வழியக் காணோம், ஆறு அடிப்பானாக்கும்!" என்றாள் ஆச்சி.

பிரதீக் ஜெயின் பந்தை வீசினார். ஷாருக்கான் அதைக் கால் பக்கமாகத் தூக்கி அடித்தார். பந்து எல்லைக் கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தது. சிக்ஸர்! 15 பந்தில் 33 ரன், மூன்று சிக்ஸர்கள். நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மதினி ஓடிவந்துவிட்டாள். சாட்சாத் தோனியே டெலிவிஷன் முன்னால் நின்று அந்தப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்த படம் பிறகு வெளியாயிற்று.

இந்தக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது அது மூன்றாவது தடவை. அந்த வருஷம் ஜனவரியில்கூட பரோடாவைத் தோற்கடித்து வாங்கியிருந்தோம். ஏழு விக்கெட் வித்தியாசத்தில் சுலபமான ஜயம். ஆனால் அதைப் பற்றி யாராவது உட்கார்ந்து பேசிக் கேட்டிருக்கிறீர்களா? சூரத்தில் அந்த ஒரு ரன்னைப் பறிகொடுக்காதிருந்தால், டில்லி சிக்ஸருக்கும் நான் கை தட்டிவிட்டுக் காபி போடப் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கோப்பையின் பெயர்க்காரர் முஷ்டாக் அலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தூர்க்காரர், ஹோல்கார் கோஷ்டியின் நட்சத்திர ஆட்டக்காரர். 1955-ல் பாலு அளகண்ணன் தலைமையில் சென்னை முதல் ரஞ்சிக் கோப்பையை வாங்கியது அந்த ஹோல்காரை இந்தூரிலேயே 46 ரன்னில் முறியடித்துத்தான்.

டிசம்பரில் 50 ஓவர் பந்தயம் வந்தது. கால் இறுதியில் கர்நாடகத்தை 151 ரன் வித்தியாசத்தில் புரட்டி எடுத்தோம். 26-ந் தேதி ஜெய்ப்பூரில் இறுதி ஆட்டம், ஹிமாசலப் பிரதேசத்தோடு. 40 ரன்னுக்கு 4 விக்கெட் போன நிலையிலிருந்து தினேஷ் கார்த்திக் 116 அடித்துத் தூக்கி நிறுத்தினார், மொத்தம் 314. ஹிமாசலம் துரத்திக்கொண்டிருக்கும்போது வெளிச்சம் மங்கி ஆட்டம் நின்றது. கணக்குப் போட்டுப் பார்த்து, அவர்கள் 11 ரன்னில் ஜயித்ததாக அறிவித்தார்கள்.

"அந்தப் பய இன்னைக்கு ஆடலியாட்டி?" என்றாள் ஆச்சி.

ஆடத்தான் ஆடினார், 21 பந்தில் 42.